புதுப்பிப்பு: சிங்கப்பூர் ஈரத்தில் வயலினும் வீணையும்

கனடாவின் கால்கரியிலிருந்து சிங்கப்பூருக்கு மாறுகிறோம், வயலினையும் வீணையையும் எப்படிக் காப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். வந்து சேர்ந்தாச்சு, இரண்டும் பத்திரம்.

ஏசியை மட்டும் நம்பவில்லை. அணைத்ததும் ஈரப்பதம் கிடுகிடுவென 80 சதவீதத்தைத் தொடுகிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் மரத்துக்கு ஆகாது. டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) வைத்து அறையை 55 சதவீதத்தில் நிறுத்தியிருக்கிறேன் (கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்காதீர்கள்). வயலின் பெட்டிக்குள், ஈரப்பதத்தை 49 சதவீதத்தில் வைத்திருக்கும் சிறு பை. பெட்டி மூடியிருந்தால்தான் அதற்கு வேலை. வந்த புதிதில் வயலினின் பிருடைகள் (தந்தியை முறுக்கும் மர முளைகள்) உப்பிப்போய்த் திருகவே வரவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, உரசிப் பளபளத்த இடத்தில் பெக் பேஸ்ட் (பிருடை சீராகத் திரும்பத் தடவும் பசை) தடவியதும் சரியானது.

வீணைக்குச் சூடுதான் பெரிய எதிரி. மெட்டுகளை (தந்திக்குக் கீழே வரிசையாக இருக்கும் உலோகக் கட்டைகளை) பிடித்திருக்கும் மெழுகு இளகிவிடும். அதனால் ஜன்னலோரம் வைப்பதே இல்லை. வீணையின் குடத்தில் (உருண்டையான அடிப்பகுதியில்) விரிசல் வந்ததா என்று கேட்டவருக்கு: இதுவரை இல்லை.