உதவி: போர்டிங்கிலிருந்து வந்த லேப் (லாப்ரடார்) நாய்க்கு விடாத இருமல், தொண்டையில் எலும்பா?

கோவை_லேப்காரன்:
ரோசிக்கு மூணரை வயசு. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப நாலு நாள், நாய்களைத் தங்க வெச்சுப் பார்த்துக்கிற போர்டிங்கில் விட்டோம். வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் ராத்திரி ஆரம்பிச்சது. கழுத்தை நீட்டி, முன்னங்காலை அகட்டி நின்னு, வாத்து கத்துற மாதிரி நாலஞ்சு இருமல். கடைசியில் ஓங்கரிச்சு கொஞ்சம் வெள்ளை நுரை. சாப்பாடு, வாலாட்டம் எல்லாம் வழக்கம்போலத்தான். மாமனார் கோழி எலும்புன்னு அடிச்சுச் சொல்றார். வாய்க்குள்ள கையை விட்டும் பார்த்துட்டார், ஒண்ணும் தட்டுப்படல. வருஷா வருஷம் ‘நைன் இன் ஒன்’னு பல நோய்க்குச் சேர்த்துப் போடுற ஊசி போட்டாச்சு. எங்க வீட்டு இருமல் சிரப்பில் அரை மூடி கொடுக்கலாமா? ரெண்டரை மாசக் குட்டி ஒண்ணும் வீட்டில் இருக்கு.

பொம்மி_வீடு:
எங்க பொமரேனியனும் இதே சத்தம்தான். எக்ஸ்ரே எடுத்தப்ப மூச்சுக்குழாய் தளர்ந்திருக்குன்னாங்க. அது சின்ன ஜாதியில்தான் அதிகம். லேபுக்கு வேற ஏதாவது இருக்கும்.

அஞ்சு_நாய்_அக்கா:
முதல்ல சிரப்பைத் தூக்கி உள்ள வைங்க. மனுஷங்க சிரப் சிலதில் பாராசிட்டமால் இருக்கும், சர்க்கரை இல்லாததில் சைலிட்டால் இருக்கும். ரெண்டுமே நாய்க்கு விஷம்.

ரெண்டாவது, மாமனார்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. ரோசி வெறிநோய் ஊசியும் போட்டவளா இருக்கலாம், சரி. ஆனா ‘தொண்டையில் ஏதோ மாட்டின மாதிரி’ தெரியற நாய் வாயில் கையை விடுறது நம்ம ஊரில் ஆபத்தான பழக்கம். வெறிநோயும் அப்படித்தான் தெரியும்.

கழுத்துப்பட்டையை இழுத்தா இருமுதா? குதிச்சா?

கோவை_லேப்காரன்:
ஆமாக்கா! கேட்டைத் திறந்ததும் குதிப்பா, உடனே ஆரம்பிச்சிடும். சும்மா படுத்திருந்தா இல்லை.

அஞ்சு_நாய்_அக்கா:
அப்ப பெரும்பாலும் கென்னல் காஃப், அதாவது நாய்க்கு நாய் தொத்துற இருமல். தொற்றி ரெண்டு நாளிலிருந்து ரெண்டு வாரத்துக்குள்ள தெரியும், உங்க கணக்கு பொருந்துது. எலும்பு மாட்டின நாய் எச்சில் ஒழுக்கும், முகத்தைக் காலால் சுரண்டும், சாப்பிட வராது.

ஊசி போட்டும் ஏன்னா, இது ஒரே கிருமியில் வர்றது இல்லை. பாராஇன்ஃப்ளுயன்சா, அடினோவைரஸ் ரெண்டும் உங்க ஊசியில் இருக்கும். போர்டெடெல்லா பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் தனி ஊசி. தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டின லேபிளைப் பாருங்க. அதைப் போட்டாலும் வராதுன்னு இல்லை, வேகம் குறையும்.

பட்டையைக் கழற்றிட்டு மார்புப் பட்டை மாட்டுங்க. வாக்கிங் வேண்டாம், பந்து விளையாட்டும் வேண்டாம். கீசர் தண்ணியைத் திறந்து விட்டு, ஆவி நிறைஞ்ச பாத்ரூமில் பத்து நிமிஷம் அவளோட நீங்களும் உட்காருங்க. சாதத்தைக் குழைச்சுக் கொடுங்க. பெரிய நாய்க்கு ஒரு ஸ்பூன் தேன் கொடுத்தா தொண்டை இதமா இருக்கும். ஒண்ணு முதல் மூணு வாரத்தில் பெரும்பாலும் தானா அடங்கிடும்.

எனக்குப் பயம் குட்டி மேலதான். தனி அறை, தனிக் கிண்ணம். குட்டியைத் தொடுற வேலையை முதல்ல முடிச்சிட்டு அப்புறம் ரோசிகிட்ட போங்க. நடுவில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. இருமல் நின்ன பிறகும் சில வாரம் கிருமி வெளியே வந்துட்டே இருக்கும். குட்டிக்கு இன்னும் ஊசி முடியல, அதுக்கு நிமோனியாவா மாறலாம். கண்ணிலும் மூக்கிலும் சளி, காய்ச்சல், பேதின்னு வந்தா டிஸ்டெம்பரான்னும் (நாய்களுக்கு வர்ற ஆபத்தான வைரஸ் நோய்) பார்க்கணும்.

தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு எண்ணுங்க. 30 தாண்டினா, ஈறு நீலம் பாய்ஞ்சா, சாப்பாட்டை ஒதுக்கினா, ஜுரம் 103 டிகிரிக்கு மேல போனா அன்னைக்கே டாக்டர். போறதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டு வண்டியிலேயே காத்திருங்க. கிளினிக் பெஞ்சில் அஞ்சு நாய்க்குப் பரப்பாதீங்க.

கோவை_லேப்காரன்:
டாக்டர் மூச்சுக்குழாயை லேசா அழுத்தினார், உடனே அதே வாத்துச் சத்தம். நுரையீரல் சுத்தமா இருக்காம். ஆன்டிபயாடிக் இப்ப வேண்டாம், அஞ்சு நாள் பார்ப்போம்னார். போர்டிங்காரருக்குப் போன் பண்ணினேன். “இங்க ஒரு நாய்க்கும் இருமல் இல்ல சார்”ங்கிறார், பின்னாடியே ஒரு ‘ஹாங்க்’ கேக்குது!

அஞ்சு_நாய்_அக்கா:
😀 குட்டி எப்படி?

கோவை_லேப்காரன்:
நேத்து ராத்திரி ரெண்டு தடவை இருமுச்சு. தூக்கத்தில் எண்ணினேன், 26. பால் குடிச்சுது. ஆனாலும் அஞ்சு நாள் காத்திருக்கப் போறதில்லை, காலையில் கிளம்பறோம். டாக்டருக்குப் போன் பண்ணியாச்சு, வண்டியிலேயே இருங்கன்னார்.