புதுப்பிப்பு: தொங்கிய லூப், மாட்டிய ‘கேட்’

பேக்கப் எடுப்பதற்காக சர்வர் பட்டியலை வரிவரியாகப் படிக்கும் என் பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு), ஒவ்வொரு வரியாக எடுக்கும் வைல்-ரீட் (while read) லூப்பில் பிழை எதுவும் காட்டாமல் அப்படியே நின்றுவிடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். விஷயம் பிடிபட்டுவிட்டது.

வெறுத்துப்போய் கண்ட்ரோல்-டி (‘உள்ளீடு முடிந்தது’ என்று சொல்லும் விசை) அழுத்தினேன். ஸ்கிரிப்ட் சமர்த்தாக முடிந்தது! அப்படியென்றால் இத்தனை நேரமும் அது கீபோர்டுக்காகக் காத்திருந்திருக்கிறது. லூப்பில் தப்பே இல்லை. பட்டியலை லூப்புக்குக் கடத்தும் பைப்புக்கு (|) முன்னால் இருந்த ‘கேட்’தான் (cat, கோப்பைப் படித்துக் கொடுக்கும் கட்டளை) காரணம். கோப்பின் பெயர் இருக்கும் மாறியை (variable) மேலே ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, கீழே சின்ன எழுத்தில் கூப்பிட்டிருக்கிறேன்; பாஷுக்கு இரண்டும் வேறு வேறு. கூப்பிட்ட மாறி காலி, மேற்கோள் குறியும் இல்லை; அதனால் கேட்டுக்குக் கோப்புப் பெயரே போய்ச் சேரவில்லை. கோப்பே கொடுக்காவிட்டால் கேட் கீபோர்டைப் பார்த்து உட்கார்ந்துவிடும். கிரானில் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் வசதி) மட்டும் தொங்காமல் ஓடிய மர்மமும் இதுதான்: அங்கே கீபோர்டே கிடையாது, ஒன்றும் செய்யாமலே முடிந்திருக்கிறது. (நானோ பேக்கப் ஓடுகிறது என்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.)

இப்போது மாறியின் பெயரைச் சரிசெய்து அதற்கு இரட்டை மேற்கோள், ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -யூ’ (set -u, மதிப்பே கொடுக்காத மாறியைக் கூப்பிட்டால் பிழை காட்டும்). சரி, முடிந்தது என்று பார்த்தால், முதல் சர்வரோடு லூப் நின்றுவிட்டது. லூப்புக்கு உள்ளே இருந்த எஸ்எஸ்ஹெச் (ssh, வேறு சர்வருக்குள் நுழையும் கட்டளை) பட்டியலின் மிச்ச வரிகளையெல்லாம் விழுங்கியிருக்கிறது. அதற்கு ‘-என்’ (-n, உள்ளீட்டைப் படிக்காதே என்று சொல்வது) சேர்த்தேன். அப்புறம் எல்லா சர்வரும் வரிசையாக வந்தன.