அம்மா பத்திரப்படுத்திய பழைய சி.டி. ஸ்கேன் படம்

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். கல்லீரலின் வலப்பக்கத்திலும் நாலு கட்டி. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தைச் சேர்த்து எட்டு கீமோ போட்டதில் கட்டிகள் சுருங்கின. வலப்பக்கத்தை வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். பிளேட்லெட் மட்டும் 2.1 லட்சத்திலிருந்து 94 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தது. "கீமோ போட்டா அப்படித்தான்" என்றார்கள், நாங்களும் விட்டுவிட்டோம்.

இன்னொரு டாக்டரிடமும் கேட்போமே என்று போன இடத்தில், ரேடியாலஜி டாக்டரம்மா எடுத்த எடுப்பில் "கீமோவுக்கு முந்தின சி.டி. இருக்கா?" என்றார். நல்லவேளை, அம்மா அதைப் பீரோவில் அடகுச் சீட்டுகளோடு வைத்திருந்தார். டாக்டரம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். நாங்கள் கல்லீரலையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் விரல் வைத்தது மண்ணீரலில். 190 மில்லி இருந்தது 320 ஆகியிருந்தது. ஆக்ஸாலிபிளாட்டின் கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தப் பாதைகளைப் புண்ணாக்கிவிடுமாம். பாதை அடைபட்டால் ரத்தம் பின்னால் தேங்கி மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் அளவு எடுத்தார். துண்டு துண்டாக வரும் ஒவ்வொரு படத்திலும் கல்லீரலின் ஓரத்தை மவுசால் வரைந்துகொண்டே போனார். மிஞ்சப்போகும் இடப்பக்கத்துக்குப் பச்சை நிறம். கூட்டிப் பார்த்தால் மொத்தக் கல்லீரலில் 24 சதவீதம்தான். நல்ல கல்லீரலுக்கு 20 போதும், நிறைய கீமோ பார்த்ததற்கு 30ஆவது வேண்டும், சிரோசிஸ், அதாவது தழும்பேறி இறுகிய கல்லீரல் என்றால் 40 என்றார். "கறிக்கடையிலகூட இவ்வளவு கணக்கா அறுக்க மாட்டாங்க" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடனே வெட்டவில்லை. விலா வழியாக ஊசி போட்டு, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக்குழாயில் வலப்பக்கம் போகும் கிளையை அடைத்தார்கள். ரத்தமெல்லாம் இடப்பக்கம் திரும்ப, அது வளரத் தொடங்கியது. நாலு வாரம் கழித்து அளந்தால் 33. ஆபரேஷன் முடிந்து கண் மஞ்சளித்தபோது பயந்துதான் போனோம். ஐந்தாம் நாள், கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் இறங்கிவிட்டது.

---

அக்கா, உங்கள் அப்பாவின் கதையைப் படித்தேன். எங்கள் மாமாவுக்கும் கல்லீரல் ஆபரேஷன்தான்; மிஞ்சப்போகும் பகுதியின் அளவு போதுமானதாகவே இருந்தது. ஆனால் எம்.ஆர்.ஐ.யில் கல்லீரலுக்கென்றே உள்ள மருந்தை ஏற்றி, 20 நிமிடம் கழித்து எடுத்த படத்தில் கல்லீரல் மங்கலாக வந்தது. நல்ல கல்லீரல் மருந்தை உறிஞ்சிப் பளிச்சென்று தெரியுமாம். ஆபரேஷனை ஆறு வாரம் தள்ளிவைத்தார்கள். இரண்டாவது படம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. வரும் திங்கள்கிழமை அட்மிஷன்.