வேரியேஷன்: எல்லாத் துறைக்கும் ஒரே சொல் பொருந்துமா?

புதுவையிலிருந்து:

வணக்கம். 'வேரியேஷன்' (variation) என்ற ஆங்கிலக் கலைச்சொல்லை எங்கும் 'மாறுபாடு' என்றே எழுதலாம் என்ற முன்மொழிவை ஏற்க முடியவில்லை. கடலில் அந்தக் குழப்பம் படகைத் திசைதப்பச் செய்யும்.

மாலுமிக்கு வேரியேஷன் என்பது மெய் வடக்குக்கும் (வட துருவம் இருக்கும் திசை) காந்த வடக்குக்கும் (புவியின் காந்தப்புலம் காட்டும் வடக்கு) இடைப்பட்ட கோணம். அதைக் 'காந்த மாறுபாடு' என்றால், புவியின் காந்தப்புலம் அன்றாடம் ஏறி இறங்குவதைச் சொல்வதாகத்தான் படிப்பவர் கொள்வார். அதுவும் வேரியேஷனே, பொருள்தான் வேறு. அந்தக் கோணத்துக்குப் பிளஸ் டூ இயற்பியலில் 'காந்த ஒதுக்கம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. அதையே ஆள்வோம். படகின் இரும்பும் இன்ஜினும் காம்பஸ் முள்ளை இழுப்பதால் வரும் டீவியேஷனுக்கு 'விலக்கம்' போதும்.

இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும்? ஒதுக்கம் இடத்தையும் ஆண்டையும் பொறுத்தது. பழைய வரைபடத்தில் போட்ட எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. விலக்கமோ படகின் முகம் திரும்பும்போதெல்லாம் மாறும். காம்பஸ் 90 பாகை காட்டுகிறது, ஒதுக்கம் மேற்கே 2, விலக்கம் கிழக்கே 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கைக் கூட்டி மேற்கைக் கழித்தால் மெய்த்திசை 91. குறி மாறிப்போனால் 89 வரும். கடலூர் முதுநகரிலிருந்து 60 கடல் மைல் ஓடும் படகு, 1 பாகை பிசகினாலே ஏறத்தாழ 1 கடல் மைல் தள்ளிப் போய்ச்சேரும்.

புள்ளியியலில் 'மாறுபாட்டுக் கெழு' வேரூன்றிவிட்டது. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்குவது. அதைத் தொட வேண்டாம். கணக்கில் நேர் மாறல், எதிர் மாறல் உண்டு. உயிரியலுக்கு 'வேறுபாடு'.

கடலூரிலிருந்து:

ஐயா, 'ஒதுக்கம்' எனக்கும் உடன்பாடே. சுவடிப் பதிப்பில் 'பாடவேறுபாடு' இருக்கிறது, ஆனால் அதன் எல்லையைச் சொல்லியாக வேண்டும். ஓலை ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். 'கொல' என்று கிடப்பதைக் கொல், கோல், கொல, கோல என நான்காகவும் படிக்கலாம். அது படிப்பவரின் ஊகம். இரண்டு ஏடுகள் உண்மையிலேயே வேறு வேறாக எழுதியிருந்தால்தான் பாடவேறுபாடு. அடிக்குறிப்பில் இவ்விரண்டையும் கலப்பது பெரும் பிழை.

இசைக்குப் புதுச்சொல்லே வேண்டாம். ஒரே வரியை மெட்டு வளர வளரப் பாடும் 'சங்கதி' அச்சாகப் பொருந்தும்.

முட்டுவது, கணிதர் ஆய்லர் 1756-இல் பெயரிட்ட 'கால்குலஸ் ஆஃப் வேரியேஷன்ஸ்' என்ற நுண்கணிதக் கிளையில்தான். அங்கே இரு முனைகளையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, நடுவிலுள்ள வளைகோட்டையே சற்று நகர்த்திப் பார்க்கிறோம். மாறுவது ஓர் எண் இல்லை, முழுக்கோடு. ஆகவே 'மாறல்' போதாது. 'தடமாறல்' என்றால் ஒழுக்கம் கெட்டதுபோல் ஒலிக்கிறது. 'கோட்டுப்பெயர்வு நுண்கணிதம்' எனலாமா? அங்கே டெல்டா (δ) என்ற குறி காட்டும் சிறு நகர்வைப் 'பெயர்வு' என்று தனியாகவும் சொல்ல வரும். இயற்பியலின் 'இடப்பெயர்ச்சி'யோடு நெருங்குவது மட்டும் உறுத்துகிறது.