மதுரையில் இரண்டு இரவுகள்: ஒன்பது மணிக்குப் பிறகு எங்கே செல்வது?

கொங்குப் பயணி:

வணக்கம். வரும் மார்கழியில் நானும் என் அக்காவும் கோவையிலிருந்து மதுரைக்கு வந்து இரண்டு இரவுகள் தங்கவிருக்கிறோம். பகலில் பார்க்க வேண்டியவை குறித்து எங்களுக்குக் குழப்பம் இல்லை. தூங்கா நகரம் என்று சிறு வயதிலிருந்தே கேட்டுவந்த அந்த இரவைத்தான் இம்முறை பார்க்க விரும்புகிறோம். ஆனால் சென்ற ஆண்டு அலுவல் நிமித்தம் வந்து திரும்பிய உறவினர் ஒருவர், பதினொரு மணிக்கு மேல் ஒரு கோப்பைத் தேநீருக்கு அரை மணி நேரம் அலைந்ததாகச் சொல்கிறார். அந்தப் பெயர் இன்றும் பொருந்துகிறதா? இரண்டு பெண்கள் மட்டும் இரவில் சுற்றுவதற்கு எந்தப் பகுதிகள் ஏற்றவை? மதுக்கூடங்களிலோ கேளிக்கை விடுதிகளிலோ எங்களுக்கு நாட்டம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேலமாசி வாசி:

உங்கள் உறவினர் சொன்னது பொய்யில்லை. அவர் தவறான நேரத்தில் தவறான தெருவில் நின்றிருக்கிறார் என்றே நினைக்கிறேன். மதுரையின் இரவு ஒரே சீராக ஓடுவதில்லை. மாலையிலிருந்து ஏறத்தாழ பதினொரு மணி வரை ஓர் ஊர், நள்ளிரவுக்குப் பின் வேறோர் ஊர், விடியலுக்கு முன் இன்னோர் ஊர் என்று மூன்று ஊர்களாக அதைப் பிரித்துப் பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

முதல் இரவை மீனாட்சியம்மன் கோயிலில் தொடங்குங்கள். பள்ளியறைப் பூசைக்கு ஒன்பது மணிக்கெல்லாம் உள்ளே இருக்க வேண்டும். சுந்தரேசுவரரின் திருப்பாதம் வெள்ளிப் பல்லக்கில் ஏறி, நாதசுரமும் மேளமும் முன்செல்ல, சுவாமி சன்னிதியிலிருந்து அம்மன் சன்னிதிப் பள்ளியறைக்கு வரும். பகலில் வரிசையில் நசுங்கித் தரிசனம் செய்தவர்களுக்கு அது அதே கோயில்தானா என்ற ஐயம் வந்துவிடும். அம்மனின் மூக்குத்தி தீபாராதனைச் சுடரில் மின்னுவதைக் காண நாள்தோறும் வரும் உள்ளூர்ப் பெண்கள் சிலர் உண்டு. நிற்க வேண்டிய இடத்தை அவர்களிடம் கேட்டால் கையைப் பிடித்து அழைத்துச் சென்று நிறுத்துவார்கள். கைப்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. வாயிலிலேயே ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே வாயிலுக்குத்தான் திரும்பி வந்தாக வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம், நான்கு கோபுரங்களும் இருட்டில் ஒன்றுபோலவே தெரியும்.

நடை சாத்தியதும் சித்திரை வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வண்டிகளுக்கு அங்கே இடமில்லை என்பதால் குடும்பம் குடும்பமாகக் கல்தரையில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

உணவு பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அசைவம் உண்பீர்கள் என்றால் சிம்மக்கல் பக்கம் கோனார் கடையில் கறிதோசை. தோசை ஊற்றி, அதன்மேல் முட்டை ஊற்றி, அதற்கும் மேலே கொத்துக்கறியைப் பரப்பிக் கல்லில் திருப்பிப் போடுவார்கள். இருவர் பகிர்ந்து உண்ண ஒன்றே போதும். சைவம் என்றால் எந்தத் தெருவிலும் இட்லியும் நான்கு வகைச் சட்டினியும் கிடைக்கும். விளக்குத்தூண் அருகே ஜிகர்தண்டா குடிக்காமல் ஊருக்குத் திரும்பினால் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் மார்கழிப் பனியில் பாதாம் பிசினும் பனிக்கூழும் எதற்கு? தள்ளுவண்டியில் பெரிய பானையை வைத்துக்கொண்டு விற்கும் பருத்திப்பாலைத் தேடுங்கள். பருத்தி விதையை அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சிய அந்தச் சூடு, தொண்டையில் இறங்கும்போதே குளிரை விரட்டிவிடும்.

இரவுப்பணி:

மேலே எழுதிய நண்பர் பத்து மணி வரைக்கும் உள்ள மதுரையைத்தான் சொல்லியிருக்கிறார். அதற்குப் பின்னுள்ள மதுரையை, பல ஆண்டுகள் இரவு வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

இந்த ஊர் வேடிக்கைக்காக விழித்திருந்த ஊர் அன்று. மதுரைக்காஞ்சியே பகல் சந்தையை நாளங்காடி என்றும் இரவுச் சந்தையை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொல்கிறது. அண்மைக் காலத்தில் பார்த்தால், மூன்று பணிமுறைகளாக இரவும் பகலும் வேலை நடந்த பஞ்சாலைகளும், தென்மாவட்டப் பேருந்துகள் இரவெல்லாம் வந்து போவதும், மொத்த வணிகக் கடைகளில் இரவில் ஏறி இறங்கும் சரக்கும்தான் தேநீர்க் கடைகளின் அடுப்பை அணையவிடாமல் வைத்திருந்தன. ஆலைகள் ஓய்ந்தபோது அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி குறைந்தது. கடைகளை இரவு முழுவதும் திறந்துவைக்கலாம் என்று அரசு 2019-இல் அளித்த அனுமதி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கானது. கணவனும் மனைவியும் ஒரு பையனுமாக நடத்தும் தள்ளுவண்டிக்கு அதனால் என்ன பயன்? ரோந்து வாகனத்தின் விளக்கைக் கண்டதும் அவர்கள் அடுப்பைத் தணிக்கத்தான் செய்வார்கள். உங்கள் உறவினருக்குத் தேநீர் கிடைக்காத கதை இதுதான்.

ஆகவே நள்ளிரவுக்குப் பின் எங்கே வேலை நடக்கிறதோ அங்கேதான் விளக்கு எரியும். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம், இரயில் நிலையத்தை ஒட்டிய மேல வெளி வீதி, பனகல் சாலையில் அரசு இராசாசி மருத்துவமனைக்கு எதிர்ப்புறம் ஆகிய இடங்களில் எந்நேரமும் ஏதாவது கிடைக்கும். மருத்துவமனை எதிரே நிற்பவர்கள் நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள். அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பது அழகன்று.

வைகை மைந்தன்:

மார்கழிக்குப் பதிலாகச் சித்திரையில் வந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. தல்லாகுளத்தில் கள்ளழகரை ஊரார் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கும் இரவில் ஊரே தெருவில் இருக்கும். விடிந்ததும் அழகர் ஆற்றில் இறங்குவார். இராமராயர் மண்டபத்தில் தசாவதாரக் காட்சி நடைபெறும் இரவிலும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அடுத்த முறை அதற்கென்றே வாருங்கள்.

கொங்குப் பயணி:

அனைவருக்கும் நன்றி. சித்திரைக்கு அக்காவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். பாதுகாப்புப் பற்றியும், அந்த மூன்றாவது ஊர் பற்றியும் யாரும் சொல்லவில்லையே?

மேலமாசி வாசி:

மன்னிக்கவும், பருத்திப்பாலில் மறந்துவிட்டேன். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலோ டவுன்ஹால் ரோட்டிலோ அறை எடுத்தால் கோயிலிலிருந்து நடந்தே திரும்பிவிடலாம். பத்தரை மணி வரை அங்கே பெண்கள் தனியாக நடப்பது வெகு சாதாரணம். அதற்கு மேல் குறுக்குச் சந்துகளைத் தவிர்த்துவிடுங்கள். ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடிப்பது நல்லது. மதுக்கடைகள் பத்து மணிக்கு மூடுவதால், அவை இருக்கும் தெருக்களில் அந்நேரத்தில் கால் வைக்க வேண்டாம். நள்ளிரவிலிருந்து நான்கு மணி வரை தூங்குங்கள். பார்க்க ஒன்றும் இல்லை.

அந்த மூன்றாவது ஊரைக் காண, ஊருக்குத் திரும்பும் நாளன்று விடியற்காலை ஐந்து மணியை ஒட்டி மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்குச் செல்லுங்கள். சாக்குகளில் வந்து குவிவதெல்லாம் மொட்டாகவே இருக்கும், ஒன்றுகூட விரிந்திருக்காது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மல்லி மார்கழிப் பனியில் குறைவாகவே பூக்கும் என்பதால், கிலோ ஆயிரங்களில் விலை போகும். நூறு கிராம் கேட்டாலே வியாபாரி உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அதற்கு அஞ்சாமல் வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு ஆரப்பாளையத்தில் கோவைப் பேருந்தைப் பிடியுங்கள். அன்றிரவு உங்கள் வீட்டில்தான் அது விரியும்.