மறு: செப்டம்பர் 27 மலரும் அலங்கார வளைவும் – வரலாற்றில் விட்டுப்போன தகப்பனார்

ஊர்ப் பெரியவர்களுக்கும் மாமன் மச்சான்மாருக்கும் தபால்காரர் வீட்டு மூத்தவன் மஸ்கட்டிலிருந்து எழுதுவது. சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபை செப்டம்பர் 27 அன்று வெளியிடவிருக்கும் சிறப்பு மலருக்கும், குருசடிக்கு எதிரே எழுப்பப்போவதாகச் சொல்லும் அலங்கார வளைவுக்கும் தலைக்கட்டு வரி கேட்டு வந்த மடலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதோடு வந்த புனிதர் வரலாற்றை நான் முழுவதும் வாசித்தேன். பக்தியுள்ள குடும்பத்தில் பிறந்தார், சிறு வயதிலேயே ஏழைகள்மேல் இரக்கம் கொண்டார், இறைவனின் அழைப்பை உணர்ந்து குருவானார் என்று மூன்று வரியில் முப்பத்தாறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டார்கள். பெயரை மாற்றிவிட்டால் அந்த மூன்று வரியை எந்தப் புனிதருக்கும் போடலாம். நம்மைப் போல ஊரை விட்டுப் போனவர்களுக்கு அந்த மனிதரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஏதாவது உண்டென்றால், அது விட்டுப்போன அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

வின்சென்ட் 1581-இல் பிரான்சு நாட்டின் தென்மேற்கே, தாக்ஸ் நகருக்குப் பக்கத்துச் சிற்றூரான பூயியில், ஆறு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். தகப்பனார் சிறு குடியானவர். பையன் ஆடும் மாடும் பன்றியும் மேய்த்தான். படிப்பு வரும் என்று கண்டதும் தாக்ஸிலிருந்த பிரான்சிஸ்கன் துறவிகளிடம் அவனை அனுப்பினார்கள். அங்கே தே கோமே என்ற வழக்கறிஞர் தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அவனை வீட்டோடு வைத்துக்கொண்டார். அதன்பின் துலூஸ் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிப்பதற்காகத் தகப்பனார் ஒரு சோடிக் காளைகளை விற்றார். குடியானவன் உழவு மாட்டை விற்பது எப்படிப்பட்டது என்று ஏர் பிடித்துப் பழகாத தேரிக்காட்டுக்காரர்களாகிய நமக்கு விளங்காவிட்டால், நம் படிப்புக்காக ஒத்திக்குப் போன பனை விளைகளை நினைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தகப்பனார் ஒரு முறை மகனைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் கால் விந்தி நடப்பவர். உடுப்பும் பட்டிக்காட்டு உடுப்பு. மகன் வெளியே வந்து அவரோடு பேச மறுத்துவிட்டான். இதை யாரோ பகையாளி எழுதிவைக்கவில்லை; வின்சென்டே வயதான காலத்தில் தம் சபையாரிடம் தம் வாயால் சொல்லி வருந்தியது. 1598-இல் தகப்பனார் இறந்துபோனார். மகன் குருவானதை அவர் பார்க்கவில்லை.

குருப்பட்டமும் நம் மலரில் உள்ளபடி ஒளி சூழ்ந்த கதை அல்ல. இருபத்துநான்கு வயதுக்குக் குறைந்தவருக்குப் பட்டம் கொடுக்கக்கூடாது என்று திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் விதித்திருக்க, பத்தொன்பது வயதிலேயே, 1600 செப்டம்பர் 23 அன்று, முதிர்ந்த ஓர் ஆயரிடம் பட்டம் பெற்றுக்கொண்டார். நல்ல வருமானமுள்ள பதவி ஒன்று கிடைத்தால் குடும்பத்தைத் தூக்கிவிட்டுத் தாமும் நிம்மதியாக இருக்கலாம் என்பதே அப்போதைய எண்ணம். 1610-இல் தாயாருக்கு எழுதிய கடிதத்திலும், கௌரவமான ஓய்வு ஒன்று அமைந்து கடைசிக் காலத்தை உங்கள் அருகில் கழிப்பேன் என்ற நம்பிக்கையைத்தான் தெரிவிக்கிறார். நம்மில் எத்தனை பேர் ஊருக்கு இதே கடிதத்தை எழுதியிருக்கிறோம்!

பாரீசில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த சொந்தப் பகுதிக்காரரான நீதிபதி ஒருவர், தம்முடைய நானூறு எக்கூ பணத்தை வின்சென்ட் திருடிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடவுளுக்கு உண்மை தெரியும் என்பதற்கு மேல் வின்சென்ட் வாய் திறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து உண்மைத் திருடனே ஒப்புக்கொண்டான். சப்பரக் கணக்கு விஷயத்தில் கணக்கப்பிள்ளை அண்ணனை வாட்சப்பில் கிழித்தவர்கள் இந்தப் பகுதியை மெதுவாக வாசிக்கலாம்.

அழைப்பு என்று சொல்லத்தக்கது வந்தது 1617-இல். அப்போது அவர் கோந்தி என்ற பிரபுக் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியர். அவர்களுடைய நிலப்பகுதியில், ஊரே யோக்கியன் என்று மதித்த ஒரு குடியானவன் மரணப் படுக்கையில் வின்சென்டிடம் வாழ்நாள் முழுவதற்குமாகப் பாவசங்கீர்த்தனம் செய்தான். வெட்கத்தால் ஆண்டுக்கணக்காக மறைத்துவைத்த பாவங்களைச் சொல்லி முடித்தபின், இது நடக்காதிருந்தால் கெட்டுப்போயிருப்பேன் என்று கோந்திச் சீமாட்டியிடமே சொன்னான். சனவரி 25 அன்று ஃபோல்வீல் கோயிலில் வின்சென்ட் இதைப் பற்றிப் பிரசங்கம் வைக்க, பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் அமியேன் நகரத்து இயேசு சபைக் குருக்களைத் துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. அதையே தம் சபையின் முதல் பிரசங்கம் என்று அவர் கடைசிவரை சொல்லிவந்தார். தகப்பனாருடைய குடியானவ உடுப்பைக் கண்டு கூசியவருக்கு வழி காட்டியதும் ஒரு குடியானவனே என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதே ஆண்டு ஷத்தியோன் என்ற ஊரில் பங்குக் குருவாக இருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லோரும் நோயில் கிடக்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஞாயிறு பூசையில் அதைச் சொன்னார். பிற்பகலில் அவர் அங்கே போகும்போது, வழியெல்லாம் பெண்கள் ரொட்டியும் இறைச்சியும் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரக்கம் நிறைய இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை, இன்று மிஞ்சிக் கெட்டுப்போவது நாளை இல்லாமல் போகும் என்பது அவருக்கு அங்கே பிடிபட்டது. சில நாட்களுக்குள் அந்தப் பெண்களைக் கூட்டி, முறை வைத்து நாளுக்கு ஒருவர் கவனிப்பதாக ஏற்பாடு செய்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஊருக்குப் போய்வந்த என் சித்தி, பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து கிடக்கும் விடிலிக்காரர் மாமாவைப் பார்த்துவிட்டு வந்தார். நம் குழுவில் செய்தி போட்டதும் ஆளாளுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கச் சொன்னோம். அந்த வீட்டுத் திண்ணையில் அரிசி மூட்டைகள் வண்டு விழுந்து கிடக்கின்றன. படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டவோ, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவோ ஆள் இல்லை. இந்த நிலையில் வின்சென்ட் பெயரில் சபை நடத்துகிற நாம் வளைவு கட்டுவதா என்று கேட்கிறேன்.

– தபால்காரர் வீட்டு மூத்தவன், மஸ்கட்

———

மறு: மறு: செப்டம்பர் 27 மலரும் அலங்கார வளைவும்

முன்னாள் பொருளாளர், தோஹாவிலிருந்து.

முதலில் ஒரு திருத்தம். நம் பங்கில் இருக்கும் சபையை வின்சென்ட் நிறுவினார் என்று மலர் சொல்கிறது. அதை 1833-இல் பாரீசில் தொடங்கியவர்கள் ஃபிரெடெரிக் ஓசானாமும் அவருடைய கல்லூரித் தோழர்களும். வின்சென்ட் 1660-லேயே இறந்துவிட்டார். அவர் நிறுவியவை 1625-இல் மறைபரப்புக் குருக்கள் சபையும், 1633-இல் லூயிஸ் தே மரியாக்கோடு சேர்ந்து பிறரன்புப் புதல்வியர் சபையும் ஆகும். அச்சில் ஏறிவிட்டால் ஆயர் இல்லம்வரை சிரிப்பார்கள்.

அடுத்து, ஷத்தியோன் பெண்களுக்கு வின்சென்ட் எழுதிக்கொடுத்த விதிமுறைகளைத் தம்பி பாதியில் விட்டுவிட்டார். பணம் இரண்டு பூட்டுள்ள பெட்டியில் இருக்க வேண்டும். சாவிகள் இரண்டும் ஒரே கையில் இருக்கக்கூடாது. பொருளாளர் ஆண்டுக்கொரு முறை பலர் முன்னிலையில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். நோயாளிக்கு எவ்வளவு ரொட்டி, எவ்வளவு இறைச்சி என்பதுகூட அதில் இருக்கிறது. துணைக்கு ஆள் உள்ள நோயாளியை முதலில் கவனித்துவிட்டு, தனியாகக் கிடப்பவரிடம் கடைசியாகப் போக வேண்டும், அப்போதுதான் அவரோடு கூடுதல் நேரம் இருக்கலாம் என்று எழுதியிருப்பதும் அதே தாளில்தான். ஆகவே கணக்குக் கேட்பவனை இரக்கம் இல்லாதவன் என்று சொல்லும் பழக்கத்தை இனியாவது விட்டுவிடுங்கள்.

மறைபரப்புச் சபையே ஓர் ஒப்பந்தப் பத்திரத்தில்தான் பிறந்தது: 1625 ஏப்ரல் 17 அன்று கோந்தி தம்பதியர் 45,000 லிவர் கொடுத்து, அதை எதற்குச் செலவிட வேண்டும் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். நம்முடைய வளைவுக்கோ இதுவரை மதிப்பீட்டுத் தாள்கூட வரவில்லை. கணக்கப்பிள்ளை அண்ணன் திருடினார் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. அசன விருந்துக்கு வாங்கிய அரிசிக்கு ரசீது எங்கே என்று கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். வின்சென்டின் மௌனம் வின்சென்டுக்குப் பொருந்தும். கோயில் பணத்துக்குப் பொருந்தாது.

———

மறு: மறு: மறு: செப்டம்பர் 27 மலரும் அலங்கார வளைவும்

பெரிய வீட்டு மருமகன், கோலாலம்பூர்.

தபால்காரர் வீட்டுத் தம்பியின் படிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நம் பாதுகாவலர் பன்றி மேய்த்தார், பெற்ற தகப்பனை வாசலில் நிறுத்தினார் என்று அச்சடித்து, மேலத்தெருக்காரர்கள் கையில் நாமே கொடுக்க வேண்டுமா? அவர்கள் போன வருடம் தங்கள் கெபிக்கு வெளியிட்ட மலரில் குறை என்று ஒரு வரி உண்டா? பெருமையாகச் சொல்ல விஷயமா இல்லை? கடற்கொள்ளையர் அவரைப் பிடித்துத் தூனிசில் அடிமையாக விற்றதும், எசமானையே மனந்திருப்பி அவர் தப்பி வந்ததும் எவ்வளவு அருமையான கதை! அதை விட்டுவிட்டுக் காளை மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஒத்திக்குப் போன விளை என்று தம்பி எழுதியிருப்பதால் ஒன்று சொல்கிறேன். அந்த விளையை ஒத்திக்கு எடுத்த என் மாமனார், பதநீர்க் காலத்து வருமானத்தை இவர் வீட்டுக்கே விட்டுக்கொடுத்தவர். அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. பாளையங்கோட்டையில் விடுதி வாசலில் கருப்பட்டிச் சிப்பத்தோடு வந்து நின்ற மனிதரை, தெரிந்த ஊர்க்காரர் என்று நண்பர்களிடம் சொன்னது யார் என்பதும் எங்களுக்குத் தெரியும். புனிதரைச் சாக்காக வைத்துச் சொந்தப் பாரத்தை இறக்குவதற்கு மலர் இடமல்ல.

———

மறு: மறு: மறு: மறு: செப்டம்பர் 27 மலரும் அலங்கார வளைவும்

தபால்காரர் வீட்டு மூத்தவன், மஸ்கட்டிலிருந்து.

அத்தானுக்கு: பெரிய வீட்டு மாமா செய்த உதவி உண்மை, அதை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. விடுதி வாசல் விஷயத்துக்கு உரிய பதிலை உரியவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் சொல்லியாயிற்று. மடற்குழுவுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தூனிசுக் கதைக்கு ஆதாரம், வின்சென்ட் 1607-இல் தே கோமே குடும்பத்தாருக்கு எழுதிய கடிதம். அது முழுவதும் நடந்ததுதானா என்று ஆய்வாளர்கள் பலர் ஐயுறுகிறார்கள். அந்தக் கடிதம் எங்கோ அகப்பட்டது என்று தெரிந்ததும், அதைத் திருப்பி அனுப்பிவிடுமாறு வின்சென்ட் மன்றாடினார். பெருமைக்குரியதை மறைக்கப் பாடுபட்டு, தகப்பனாரிடம் நடந்துகொண்ட விதத்தைத் தாமே எடுத்துச் சொன்ன மனிதருக்கு, நாம் நேர்மாறாக மலர் போடுவது சரியாக இருக்காது.

இன்னொன்றையும் சேர்க்கச் சொல்கிறேன். 1623-இல் அவர் பூயிக்குப் போய்ச் சொந்தபந்தங்களைப் பார்த்தார். அவர்களை ஏழைகளாகவே விட்டுவிட்டுத் திரும்பும்போது வழியெல்லாம் அழுதார். அவர்களுக்கு எதையாவது செய்துவிட வேண்டும் என்ற நினைப்பு மூன்று மாதம் அவரைப் பிடித்து ஆட்டியதாகவும், அதிலிருந்து விடுவிக்கும்படி வேண்டிக்கொண்டதாகவும் பின்னாளில் சொன்னார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. சொந்தக்காரரும் ஏழைதானே. இருந்தாலும் விமான நிலையத்துக்குப் போகும் காரில் உட்கார்ந்து நாம் படுகிற பாட்டை அந்த மனிதரும் பட்டிருக்கிறார் என்பது மலரில் இருக்கட்டும்.

———

மறு: மறு: மறு: மறு: மறு: செப்டம்பர் 27 மலரும் அலங்கார வளைவும்

டீச்சர் அக்கா, ஊரிலிருந்து.

பிள்ளைகளா, மலரைத் தொகுப்பவள் நான் என்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். காளையும் தகப்பனாரும் உள்ளே வருகிறார்கள். பன்றியும் வரும், அது பொய்யில்லையே. தூனிசு ஒரு பத்தி வரும், ஐயத்தையும் சேர்த்தே எழுதுவேன். ஓசானாம் திருத்தத்துக்கு நன்றி. கோலாலம்பூர்த் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். மேலத்தெருவுக்கு ஒரு பிரதிகூட முன்கூட்டிப் போகாது.

வளைவு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பங்குச் சாமியார் முன்னிலையில் கமிட்டி முடிவு செய்யும்வரை யாரும் அதற்குப் பணம் அனுப்ப வேண்டாம். விடிலிக்காரர் வீட்டுக்கு இனி அரிசியும் வேண்டாம். தினமும் புண்ணைக் கட்டிவிட ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறாள். மருந்துக்கும், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆட்டோவுக்கும் மாதாமாதம் ஆகும் செலவை எழுதி அனுப்புகிறேன். பணம் சபைக் கணக்குக்கே வரட்டும். எடுப்பதற்குக் கணக்கப்பிள்ளையும் நானும் சேர்ந்து கையெழுத்திடுவோம். அசன அரிசி ரசீது உபதேசியார் வீட்டுப் பரணில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நாளை ஏணி போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.