பழைய முறத்தில் செய்த கடற்கரை அலங்காரம்: ஆலோசனை வேண்டுகிறேன்

பினாங்கு உறவுகளுக்கு வணக்கம். தஞ்சோங் பூங்காவில் கடலைப் பார்த்திருக்கும் எங்கள் வீட்டுச் சுவருக்காக, அம்மா அரிசி புடைத்த மூங்கில் முறத்துக்கு வெளிர்நீலச் சாயம் தீட்டி, விளிம்பில் பழைய கொடிக்கயிற்றைச் சுற்றி, பத்து பெரிங்கி மணலில் பொறுக்கிய வெற்றுச் சிப்பிகளை வெள்ளைப் பசையால் ஒட்டி மாட்டினேன். இரண்டே மாதங்களில் சிப்பிகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. கயிற்றில் சாம்பல்நிறப் பூசணம் படர்ந்திருக்கிறது. உதிர்ந்த சிப்பியின் அடியைத் தொட்டால் பசை பிசுபிசுக்கிறது.

சிப்பிகளை நன்னீரில் ஊறவைத்து உப்பை நீக்காமல் ஒட்டியதே என் தவறு என்று நினைக்கிறேன். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் ஊரில் அந்த அளவு அன்றாடம் வருவதுதான்.

சிப்பிகளைக் கழுவி உலர்த்தி மீண்டும் ஒட்ட எபாக்சி நல்லதா, மூங்கிலின் அசைவுக்கு இடங்கொடுக்கும் சிலிகான் பசை நல்லதா? வினிகர் சிப்பியின் சுண்ணாம்பை அரித்துவிடும் என்பதால், கயிற்றைப் பிரிக்காமலே பூசணத்தை நீக்க வேறு வழி உண்டா? அம்மாவின் கைபட்ட முறம் என்பதால் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. கடலோர வீடுகளில் இத்தகைய வேலை செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.